கேரக்டரைக் கெடுத்துவிட்டார்களா? சிட்காம் சண்டைகளின் பின்னணி

"இவன் எப்போதுதான் திருந்துவான்?" என்று மூன்றாம் சீசனில் அலுத்துக்கொள்ளும் ரசிகர், ஏழாம் சீசனில் "இவன் திருந்தியதோடு தொடரும் போச்சு" என்கிறார். இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான், இரண்டும் நியாயம்தான். இந்த முரணுக்குக் காரணம் ரசிகரின் மனநிலை இல்லை, சிட்காம் என்னும் நகைச்சுவைத் தொடர் இயங்கும் விதம்.

ஸ்ட்ரீமிங் வந்தபின் இந்தச் சண்டை கூடியிருக்கிறது. அமெரிக்காவின் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் மொத்தம் 236 எபிசோடு. ஒன்று 22 நிமிடம் என்றால் ஏறக்குறைய 86 மணி நேரம். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் மூன்று மணி நேரம் ஃபோனில் பார்ப்பவர் ஒரே மாதத்தில் முடித்துவிடுவார். 1994 முதல் 2004 வரை பத்து வருஷம் மெதுவாக நடந்த மாற்றத்தை அவர் முப்பது நாளில் பார்க்கிறார். வாரம் ஒன்று பார்த்தவர் கண்ணுக்குத் தெரியாத தையல் இவர் கண்ணில் பட்டுவிடுகிறது.

கீழே சில தொடர்களின் முடிவுகள் வருகின்றன. பார்க்காதவர்கள் யோசித்துக்கொண்டு படிக்கவும்.

## குறைதான் முதல்

செட்டிநாட்டில் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சிட்காமில் ஒரு பாத்திரத்தின் குறைதான் முதல், அதாவது மூலதனம். வாராவாரம் வரும் சிரிப்பு அதன் வட்டி. குறையைத் தீர்த்துவிட்டால் முதலையே எடுத்துச் செலவழித்தது போல. அன்றைக்குப் பெரிய விருந்து நடக்கும், அடுத்த வாரம் கல்லாவில் ஒன்றும் இருக்காது.

உதாரணத்துக்கு ஒரு தொடரைக் கட்டிப் பார்ப்போம். காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீடு, பத்துப் பங்காளிக்குப் பொது. எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும், எல்லாரும் ஒரே நாளில் ஊரில் இருந்ததே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் நாலு பேர்: ஒரு ரூபாயையும் கணக்குச் சிட்டையில் எழுதாமல் விடாத ஆச்சி, வீட்டை ஹெரிடேஜ் ஹோட்டல் ஆக்கத் துடிக்கும் பேரன், சென்னையிலிருந்து வந்த பேரன் மனைவி, எதற்கும் "ஆகட்டும்" என்று சொல்லி எதையும் செய்யாத கணக்குப்பிள்ளை.

வந்தவர்களுக்குக் காலைப் பலகாரம் வெள்ளைப் பணியாரம். அதற்கு அளவு தெரிந்ததுதான். ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். உளுந்து விற்கிற விலையில் ஆச்சி கோபுரத்தில் பாதியை வழித்து டப்பாவில் போட்டுவிடுகிறார். பணியாரம் கட்டியாக வருகிறது. சமாளிக்கத் தெரியாத பேரன், "இது எங்கள் வீட்டுக்கே உரிய பழைய பக்குவம்" என்று விருந்தாளியிடம் அளந்துவிடுகிறான். அவர் அதை நம்பி ஊரெல்லாம் சொல்ல, கட்டிப் பணியாரம் கேட்டே ஆள் வருகிறது. இப்போது ஆச்சியின் கைப்பக்குவத்துக்கே இழுக்கு. சிக்கனம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். கடைசியில் கோபுரம் சரியாமல் உளுந்து குவித்து, பூப்போல் பணியாரம் சுட்டுப் போடுகிறார். விருந்தாளி முகம் சுளித்து, கட்டியாக இருந்ததுதான் வேண்டும் என்கிறார். ஆச்சி உள்ளே போய்ச் சிட்டையைத் திறக்கிறார்: "வீண் செலவு, உளுந்து அரைக் கோபுரம்."

ஆச்சி மாறவில்லை. ஆனால் சிக்கனத்தைவிட மானம் பெரிது என்ற புதிய தகவல் நமக்குக் கிடைத்தது. ஒரு எபிசோடில் இவ்வளவுதான் தர முடியும், தரவும் வேண்டும். இந்த 22 நிமிடத்துக்குள் ஆச்சி தாராள மனசுக்காரியாகிவிட்டால் அடுத்த வாரம் எழுத ஒன்றும் இல்லை.

பத்துக் கையெழுத்து என்ற பூட்டும் சும்மா வைத்தது இல்லை. ஒத்துப்போகாதவர்கள் ஏன் பிரிந்து போகவில்லை என்ற கேள்விக்கு ஒவ்வொரு சிட்காமுக்கும் பதில் வேண்டும். குடும்பம், ஆபீஸ், வாடகை வீடு எல்லாம் அந்தப் பூட்டின் வேறு வேறு வடிவம். பூட்டு பலவீனமான தொடரில் ரசிகர் இரண்டாம் சீசனிலேயே "இவள் ஏன் இன்னும் இங்கே இருக்கிறாள்?" என்று கேட்டுவிடுவார்.

## எத்தனை எபிசோடு என்பதே பாதி விடை

ஒரு பாத்திரம் எவ்வளவு மாறும் என்பதைக் கதைக்கு முன்னால் எண்ணிக்கை முடிவு செய்கிறது. பிரிட்டனின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு என்று மொத்தமே 12 எபிசோடு. ஹோட்டல்காரர் பேசில் கடைசி வரை அதே முன்கோபி. பன்னிரண்டுக்கு அந்த ஒரு கோபம் தாராளமாகப் போதும்.

'தி ஆபீஸ்' இன்னும் நல்ல சோதனை, ஏனென்றால் ஒரே கதை இரண்டு அளவில் தைக்கப்பட்டது. பிரிட்டிஷ் மூலம் 2001 முதல் 2003 வரை, கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளையும் சேர்த்து 14 எபிசோடு. மேலாளர் டேவிட் பிரெண்ட்டைப் பார்க்கவே கூசும், அந்தக் கூச்சம்தான் தொடர். அமெரிக்கப் பதிப்பு 2005-இல் ஆறு எபிசோடுடன் அதே சாயலில் தொடங்கியது. இரண்டாம் சீசனுக்கு 22 எபிசோடு. அவ்வளவு நேரம் ஒரு மனிதனைப் பார்த்துக் கூச யாராலும் முடியாது. இங்கே மேலாளரான மைக்கேல் ஸ்காட்டின் தலைமுடி மாறியது. விற்பனையில் கெட்டிக்காரன் என்று காட்டினார்கள். மட்டமாகப் பேசுவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, எல்லாருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்ற ஏக்கம் என்று ஆக்கினார்கள். குறை அப்படியே இருந்தது, அடியில் ஒரு காரணம் வைத்தார்கள். தொடர் 201 எபிசோடு ஓடியது.

நம் ஊர்க் கணக்கு வேறு. திங்கள் முதல் வெள்ளி வரை வரும் மெகா தொடர் வருஷத்துக்கு 260 எபிசோடு, அதாவது 'ஃப்ரெண்ட்ஸ்' பத்து வருஷத்தில் தொட்டதற்கும் மேல். காரைக்குடியைக் களமாகக் கொண்ட 'நாதஸ்வரம்' நான்கே ஆண்டில், 2014 மார்ச்சில், ஆயிரமாவது எபிசோடை எட்டியது. இந்த வேகத்தில் சிரிப்பை மட்டும் நம்பி ஓட்டுவது நடக்காத காரியம். அதனால்தான் தமிழில் தினசரித் தொடர்கள் அழுகையை முதுகெலும்பாகவும் நகைச்சுவையைக் கிளைக்கதையாகவும் வைத்துக்கொள்கின்றன. முழு நகைச்சுவையாக நிலைத்தவை வேறு தாளத்தில் வந்தவை. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. தலைப்பிலேயே சண்டையும் பூட்டும் வந்துவிட்டன.

மேடையில் இன்னொரு வழி இருக்கிறது. கிரேசி மோகன் நாடகங்களில் மாது, சீனு, ஜானகி என்ற பெயர்கள் நாடகத்துக்கு நாடகம் திரும்பி வரும். போன நாடகத்தில் மாது கற்றுக்கொண்டது எதுவும் இந்த நாடகத்துக்கு வராது. முதலாகிய குறை தொடப்படுவதே இல்லை. அதைப் பார்த்து "மாதுவுக்கு வளர்ச்சியே இல்லை" என்று யாரும் குறைப்பட்டதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வாக்குறுதியே தரப்படவில்லை.

## "வளர்ச்சி" என்ற ஒரே சொல்லில் நாலு வேலை

ரசிகர்கள் எல்லாவற்றையும் 'கேரக்டர் டெவலப்மென்ட்' என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம். பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

1. அதே குறை, புதிய இடம். ஆச்சி பணியாரத்தில் பார்த்த கணக்கைக் கல்யாண முறைச்சிட்டையில் (சீர்வரிசைப் பட்டியலில்) பார்ப்பது. இது வளர்ச்சி இல்லை, ஆனால் தொடரின் அன்றாடச் சோறு இதுதான்.
2. குறையின் காரணம் தெரிவது. ஆச்சி ஏன் இப்படி ஆனார் என்று ஒரு காட்சியில் தெரிகிறது. குறை போகவில்லை, நாம் பார்க்கும் விதம் மாறுகிறது. மைக்கேல் ஸ்காட்டுக்குச் செய்தது இதைத்தான்.
3. மற்றவர்கள் மாறுவது. 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரின் முதல் சீசனில், 2009-இல், நாயகி லெஸ்லியின் அசட்டு உற்சாகத்தைப் பார்த்து எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். இரண்டாம் சீசனில் உற்சாகம் அப்படியே இருக்க, சுற்றி இருப்பவர்கள் அவளை மதிக்கத் தொடங்கினார்கள். ரசிகர்கள் "லெஸ்லி மாறிவிட்டாள்" என்றார்கள். மாறியது பெரும்பாலும் அறையில் இருந்த மற்றவர்களின் பார்வை.
4. குறை தீர்வது. வட்டி தரும் முதலிலேயே கை வைப்பது இதுதான். செய்யலாம், ஆனால் அதே எபிசோடிலோ அடுத்ததிலோ அதற்குச் சமமான இன்னொரு குறையை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

நாலாவதைச் செய்துவிட்டு மாற்று ஏற்பாடு இல்லாமல் தவிக்கும் தொடர், இரண்டு மாதத்தில் பழைய குறையைத் திரும்பக் கொண்டுவரும். "திருந்தினவன் எதற்குத் திரும்பக் கெட்டான்?" என்ற சண்டை பிறப்பது அங்கேதான்.

## ஒற்றைக் குணமாகச் சுருங்குவது

ஆங்கில ரசிகர்கள் இதற்கு 'ஃப்ளாண்டரைசேஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃப்ளாண்டர்ஸ் தொடக்கத்தில் நல்ல தகப்பன், நல்ல அண்டை வீட்டுக்காரர், பக்தியும் உண்டு. சீசன்கள் போகப் போகப் பக்தி மட்டும் மிஞ்சியது. 'ஃப்ரெண்ட்ஸ்' ஜோயிக்கும் 'தி ஆபீஸ்' கெவினுக்கும் இதே கதி: லேசான மந்தம் என்று தொடங்கியது, கடைசியில் எதுவுமே புரியாதவர்கள் ஆனார்கள்.

சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்குவது சுலபம். உண்மையில் வேலை நடக்கும் முறையே அந்தப் பக்கம் தள்ளுகிறது. பார்வையாளர் முன் பல கேமராவில் எடுக்கும் சிட்காமில் வாரத் தொடக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்து ஸ்கிரிப்டை வாசிப்பார்கள், நடுவில் ஒத்திகை, வாரக் கடைசியில் படப்பிடிப்பு. எது சிரிப்பை வாங்கவில்லையோ அது ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதப்படும். நுட்பமான வரி மூன்று பேரைப் புன்னகைக்க வைக்கும். "அவன் முட்டாள்" என்ற வரி முன்னூறு பேரைச் சிரிக்க வைக்கும். எது தங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது காரணம், எழுத்தாளர் குழு மாறுவது. ஐந்தாம் சீசனில் சேர்பவர் பாத்திரத்தை முதல் சிந்தனையிலிருந்து அறிவதில்லை, நாலு சீசன் பார்த்து அறிகிறார். அவர் மனத்தில் நிற்பது பளிச்சென்ற குணம் மட்டும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்பு இன்னும் கறுப்பாகும், சாம்பல் நிறம் காணாமல் போகும்.

நம் ஆச்சிக்கு இது நடந்தால் அடையாளம் காண்பது சுலபம். முதல் சீசன் ஆச்சி கோபுரத்தில் பாதி வழிப்பார், மானம் என்று வந்தால் திரும்பக் கொட்டுவார். ஐந்தாம் சீசன் ஆச்சி உளுந்தே போடமாட்டார், மானத்தைப் பற்றிய பேச்சும் இருக்காது. குறைக்கு எதிரே நின்ற இரண்டாவது குணம் எந்த எபிசோடிலிருந்து காணவில்லை என்று தேடுங்கள், சரிவு தொடங்கிய இடம் அகப்படும்.

## பபூனுக்கு ராஜபார்ட் வேஷம்

செட்டிநாட்டு ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' என்றால் கதை எல்லாருக்கும் மனப்பாடம். ராத்திரி முதலில் வருவது பபூன் என்னும் கோமாளி. பிறகு பபூனும் டான்ஸ்காரியும் சேர்ந்து ஒரு ஆட்டம். அதற்குப் பிறகுதான் முருகன், வள்ளி, தர்க்கம். பபூன் காளைமாடு மாதிரி மேடையைச் சுற்றிச் சுற்றி வருவார், யாரையும் கிண்டல் செய்வார், விடியும்போதும் அதே பபூன்தான். கதை அவர் தோளில் இல்லாததால் அவர் மாற வேண்டியதில்லை.

சிட்காமின் துணைப் பாத்திரங்கள் பெரும்பாலும் பபூன்கள். கைதட்டலைப் பார்த்து மயங்கி அவருக்கு ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம், கொடுத்தால் என்ன ஆகும்? 'ஃபேமிலி மேட்டர்ஸ்' (1989–1998) ஒரு குடும்பத்தின் கதை. முதல் சீசனின் நடுவில் தலைகாட்டிய பக்கத்து வீட்டுப் பையன் அர்க்கல் அப்படிப் பிடித்துப்போக, தொடரே அவனுடையதாயிற்று. இடம் பற்றாமல் அந்தக் குடும்பத்தின் கடைசிப் பெண் ஜூடி நான்கு சீசனுக்குப் பிறகு ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் மறைந்தாள். மாடிக்குப் போனவள் கீழே இறங்கவே இல்லை என்று ரசிகர்கள் இன்றும் சிரிக்கிறார்கள்.

ஜோயியைத் தனியே பிரித்து 2004-இல் தொடங்கிய 'ஜோயி' 2006-க்குள் முடிந்துபோனது. அதே வேலை 'சியர்ஸ்' தொடரிலிருந்து பிரிந்த 'ஃப்ரேசியர்' விஷயத்தில் பலித்தது, 1993 முதல் 2004 வரை பதினொரு சீசன். ஃப்ரேசியரின் ஆடம்பரப் பேச்சு பழைய இடத்தில் மற்றவர்கள் கிண்டலுக்கு இரை. அவனை நடுவில் வைத்ததும் இரண்டு பேரைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள்: அவனைவிட ஆடம்பரமான தம்பி, ஆடம்பரமே பிடிக்காத ஓய்வுபெற்ற போலீஸ்கார அப்பா. அந்த இருவருக்கும் நடுவில் நிற்கும்போது ஃப்ரேசியர் நிதானமானவனாகத் தெரிகிறான், கதையைத் தாங்குகிறான். பபூனை ராஜபார்ட் ஆக்கினால் மேடைக்கு வேறு பபூன் வேண்டும் என்ற சின்னக் கணக்குதான் இது.

## சேர்ந்துவிட்டால் தொடர் செத்துவிடுமா?

காதலர்கள் சேர்ந்தால் தொடர் படுத்துவிடும் என்று சொல்பவர்கள் 'மூன்லைட்டிங்' (1985–1989) பெயரை எடுப்பார்கள். அது அரைகுறை உண்மை. 1987-இல் நாயகனும் நாயகியும் சேர்ந்த பிறகு தொடர் சரிந்தது சரிதான். ஆனால் அதே காலத்தில் நாயகிக்குப் பிரசவம், நாயகனுக்கு சினிமா வாய்ப்பு, எபிசோடுகள் குறித்த நாளில் தயாராகாத தொல்லை, 1988-இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம். காதலர்கள் ஒன்றாகத் திரையில் வருவதே அரிதாகிப் போனது. பழியைக் காதல் மேல் போட்டார்கள்.

எதிர் உதாரணம் அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரின் காதலர்கள் ஜிம், பாம். 2007 வாக்கில் சேர்ந்து, ஆறாம் சீசனில் கல்யாணமும் முடிந்தது, தொடர் அலுங்காமல் ஓடியது. தடையை இருவருக்கும் நடுவிலிருந்து எடுத்து வெளியே வைத்தது காரணம்: மேலாளர், வேலை, சக ஊழியர்கள். கடைசிச் சீசனில் தடையைத் திரும்ப இருவருக்கும் நடுவில் கொண்டுவந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். தம்பதிச் சண்டை இயல்பில்லாதது என்பதால் வந்த கோபம் இல்லை அது. அந்த இருவர்தான் இத்தனை வருஷம் ரசிகர் சாய்ந்து உட்கார்ந்த தூண். தூணை ஆட்டினால் உட்கார்ந்திருப்பவர் எழுந்துதான் நிற்பார்.

திட்டத்தைப் பார்வையாளரே மாற்றுவதும் உண்டு. 'ஃப்ரெண்ட்ஸ்' நாலாம் சீசன் கடைசியில், 1998-இல், லண்டனில் நண்பர்களான மோனிகாவும் சாண்ட்லரும் ஒரே அறையில் இருப்பது தெரிந்ததும் அரங்கில் எழுந்த கூச்சல் அடங்க நேரம் பிடித்தது. ஓர் இரவுச் சங்கதியாக யோசித்தது கல்யாணம் வரை போனது.

## முன்கூட்டியே பூட்டிய முடிவு

டெட் என்ற அப்பா தன் குழந்தைகளுக்கு அவர்கள் அம்மாவைச் சந்தித்த கதையைச் சொல்லும் 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரின் முடிவைப் பற்றிய சண்டை 2014 மார்ச் 31-இல் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. குழந்தைகள் பேசும் இறுதிக் காட்சியைத் தொடக்க ஆண்டுகளிலேயே எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். குழந்தைகள் வளர்ந்துவிடுவார்களே, வேறு வழியில்லை. அந்தக் காட்சியில் அப்பா கடைசியில் பழைய காதலி ராபினிடம் போக வேண்டும். அன்றைக்கு அது பொருத்தமான முடிவு.

ஆனால் தொடர் 208 எபிசோடுக்கு நீண்டது. இடையில் டெட் ராபினை மனசிலிருந்து விட்டுவிடப் பல சீசன் பாடுபட்டான். பெண்கள் பின்னால் சுற்றிய நண்பன் பார்னி திருந்தினான். ஒன்பதாம் சீசனின் பெரும்பகுதி பார்னி, ராபின் கல்யாணம் நடக்கும் ஒரே வாரக்கடைசியில் ஓடியது. அம்மாவாக வந்த பெண் ரசிகர் மனசில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி ஒரு மணி நேரத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தது, பார்னி பழையபடி ஆனான், அம்மா இறந்தாள், டெட் ராபின் வீட்டு வாசலில் நின்றான். பாத்திரங்கள் வளர்ந்த பிறகும் சின்ன வயசில் தைத்த சட்டையைப் போட்டுவிட்டால் எங்கே கிழியுமோ அங்கே கிழிந்தது. டிவிடியில் வேறொரு முடிவையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

'சைன்ஃபெல்ட்' முடிவின் சிக்கல் நேர் எதிர். கட்டிப்பிடிப்பதும் இல்லை, பாடம் கற்பதும் இல்லை என்பதே அந்தத் தொடரின் விதி. ஒன்பது சீசனாக நாலு சுயநலக்காரர்களைப் பார்த்துச் சிரித்தோம். 1998 மே மாத இறுதி எபிசோடில் அதே குணத்துக்காக அவர்களைக் கோர்ட்டில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பினார்கள். விதியை மீறவில்லை என்று வாதாடலாம், அவர்கள் கடைசி வரை எதையும் கற்கவில்லை. ஆனால் இத்தனை நாள் சிரித்த நம்மையும் கூண்டில் ஏற்றியது போல இருந்ததை மறுக்க முடியாது. என் கணக்கில் இந்த இரண்டில் 'சைன்ஃபெல்ட்' முடிவுதான் நேர்மையானது.

## வாதத்தில் இறங்குமுன்

ஒரு கேரக்டர் கெட்டுவிட்டது என்று எழுதுமுன் நாலு விஷயம் பார்த்தால் பாதிச் சண்டை குறையும்:

1. நடிகர் விலகினாரா? 'சியர்ஸ்' தொடரில் நாயகி டயானாக நடித்தவர் 1987-இல் போனதும் நாயகன் சாமின் காதல் கதை பாதியில் நின்றது. எழுத்தாளர்கள் ரெபெக்காவைக் கொண்டுவந்து இன்னும் ஆறு சீசன் ஓட்டினார்கள். நம் தொடர்களில் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு அட்டை போட்டுப் பாத்திரத்தைத் தொடர்வார்கள். அங்கே மாறியது எழுத்தா, முகமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.
2. ஒளிபரப்பு இடைவெளி எவ்வளவு? இரண்டு எபிசோடுக்கு நடுவே ஆறு மாதம் இருந்திருக்கலாம். ஃபோனில் அடுத்தடுத்து ஓடும்போது அது தெரியாது.
3. படப்பிடிப்பு முறை எது? பல கேமரா சிட்காமுக்கு ஒரு சுவர் இல்லாத செட் வேண்டும். நிஜ வளவு வீட்டில் அதை எடுக்க முடியாது, தூண்கள் மறைக்கும், முற்றத்து வெயில் மணிக்கொரு பக்கம் நகரும். அங்கே ஒரே கேமராதான் சரிப்படும். ஒரே கேமராவில் ஒரு பார்வையே வசனத்தின் வேலையைச் செய்யும், பல கேமராவில் மனமாற்றத்தையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். "திடீரென்று மாறிவிட்டான்" என்று தோன்றுவதில் கொஞ்சம் இதனால் வருவது.
4. தொடர் என்ன வாக்குறுதி கொடுத்தது? முதல் மூன்று எபிசோடைத் திரும்பப் பாருங்கள். போன வாரம் நடந்ததை இந்த வாரம் யாராவது நினைவு வைத்திருந்தால் அது மாற்றத்தை வாக்களித்த தொடர். யாரும் நினைவு வைக்கவில்லை என்றால் மாதுவிடமும் பேசிலிடமும் வளர்ச்சி கேட்பது போலத்தான். ஆச்சியின் சிட்டையில் போன வாரத்து உளுந்துக் கணக்கு இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும்.